உதட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம்

மாசி, பங்குனி மாதங்களில் திண்டுக்கல்லிலிருந்து கரூர்ச் சாலையில் வடக்கே பிரயாணம் செய்கிறவர், வேடசந்தூர் நெருங்குவதைக் கண்ணால் அறிவதற்கு முன் மூக்கால் அறிந்துகொள்வார். அறுத்துக் கட்டி வெயிலில் காயவிட்ட புகையிலையின் நெடி, பழகியவருக்கு ஊரின் வாசனையாகவும் பழகாதவருக்குத் தும்மலாகவும் வந்து சேரும். ராஜமந்திரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம், தேசம் சுதந்திரமடைந்த மறு வருஷமே, 1948இல், இந்த வேடசந்தூரில் தன் கிளையை அமைத்தது என்பது, இவ்வட்டாரத்துச் செம்மண்ணுக்கும் கிணற்று நீருக்கும் அந்தப் பயிருக்கும் உள்ள பந்தத்துக்கு ஒரு சாட்சி. அதற்கும் முன்பே, வெள்ளைக்காரர் காலத்தில், ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினார்கள். இங்கு விளைந்த இலை இங்கேயே சுருட்டாகிக் கப்பலேறிப் போயிற்று. பூட்டு, தோல், பிரியாணி என்று இன்று ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்த நான்காவது பெருமையை அவ்வளவாக வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

சொல்லாவிட்டாலும் அது வீட்டுக்குள் இருந்தது. பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பிக்கும் நடுவே ஒரு துண்டுப் போயிலை இருக்கும்; களையெடுக்கப் போகிறவளும், கமலை இறைத்தவனும், பல்வலிக்காரனும், பசியை ஏய்க்க வேண்டியவனும் அதைக் கிள்ளிக் கடைவாயில் அடக்கிக்கொண்டார்கள். இவ்வாறு லாகிரி வஸ்து ஒன்றை விளைத்தும் விற்றும் மென்றும் வாழ்ந்த ஒரு சமூகம், தன் பேரன் பள்ளிக்கூடத்துப் பையில் ஒரு சிறு பொட்டலத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று கேட்டதும், ஏதோ அந்நிய தேசத்து வியாதி விமானத்தில் வந்து இறங்கிவிட்டதுபோல் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போது, எனக்கு அனுதாபத்தோடு சற்றுச் சிரிப்பும் வருகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பொட்டலம் என்ன என்பதை அறியாத பெற்றோர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கூல் லிப்’ என்ற பெயரில் விற்கும் அது, தேயிலைப் பைபோன்ற மெல்லிய உறைக்குள் வாசனையேற்றிய புகையிலைத் தூளை அடைத்தது; கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை இல்லை, துப்ப வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை, கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது கடைசி பெஞ்சுப் பையன் அதை வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருக்கலாம். தமிழ்நாட்டில் குட்கா முதலிய மெல்லும் புகையிலைப் பண்டங்களுக்கு 2013 மே மாதத்திலிருந்து தடை இருக்கிறது. இடையில் 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தடை இருந்தும், அண்டை ராஜ்யங்களில் சரக்கு தாராளமாய்க் கிடைப்பதால், லாரியும் பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற வரையில் அது இங்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 செப்டம்பரில், நம் மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், பள்ளி மாணவர்களிடையே இந்தக் கூல் லிப் பரவுவதைக் குறித்து நீதிபதி பரத சக்கரவர்த்தி கவலை தெரிவித்து, தேசம் முழுவதும் இதை ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது பத்திரிகைகளில் வந்தது.

யார் விற்றான் என்ற கேள்வி இவ்வாறு நீதிமன்றம் வரையில் போயிருக்கிறது, போக வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ வேறு போதைப் பொருளோ கொடுப்பவனுக்கு ஏழு வருஷம் வரையில் கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம் என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரே கடை, ஒரே தெரு, ஒரே வகுப்பு; அதில் நாற்பது பிள்ளைகள் அந்தக் கடையைக் கடந்து தினம் இருமுறை நடக்கிறார்கள்; சிலர் எட்டிப் பார்ப்பதே இல்லை, சிலர் ஒருமுறை வைத்துப் பார்த்துக் குமட்டித் துப்பிவிட்டு மறந்துபோகிறார்கள், இரண்டு மூன்று பேர் மட்டும் மறுநாளும் போகிறார்கள். அந்த இரண்டு மூன்று பேர் ஏன் மறுநாளும் போனார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

கேட்டால், பையன் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “சும்மா டென்ஷனா இருந்துச்சு சார், அதான் வச்சேன்.” டென்ஷன் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நம் பிள்ளைகள் எத்தனை விதமான மனக்கிலேசங்களைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் ஆச்சரியமாயிருக்கிறது. பரீட்சை பயமும் அதுதான். காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பதும் அதுதான். எதிலும் ருசியற்று, விளையாடவும் பிடிக்காமல், ராத்திரி இரண்டு மணி வரையில் விழித்துக் கிடப்பதும் அதுதான். ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாத, பிறவியிலேயே அமைந்த கவனக் குறைவும் அதுதான். வைத்தியர்கள் இவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனிச் சிகிச்சையும் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு இருப்பதோ ஒரு சொல்லும் ஒரு பொட்டலமும்.

எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற அமெரிக்க மனோவைத்தியர் 1985இல் ஒரு அபிப்பிராயத்தை வெளியிட்டார்: லாகிரியை நாடுகிறவன் பெரும்பாலும் சுகத்தைத் தேடிப் போகவில்லை, தாங்க முடியாத ஒரு வேதனைக்குத் தானே வைத்தியம் செய்துகொள்கிறான் என்பது அதன் சாரம். எல்லாருக்கும் இது பொருந்தாது. சேர்க்கையால் கெடுகிறவனும் உண்டு, வீம்புக்குக் குடிக்கிறவனும் உண்டு. ஆயினும் மறுநாளும் போகிற அந்த இரண்டு மூன்று பிள்ளைகளைப் பொறுத்தவரையில், இந்தச் சுயவைத்தியக் கொள்கையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், முன்பு புரியாத பல விஷயங்கள் புரியத் தொடங்கும்.

அந்த வைத்தியம் பலிக்கிறதா என்றால், பலிப்பதுபோல் ஒரு மாயம் நடக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புகையிலையின் சாரமான நிகோடின் ஈறு வழியாக ரத்தத்தில் கலந்து மூளையைச் சேர்ந்ததும், அங்கே டோபமின் என்ற ரசம் சுரந்து, மனத்தில் ஒரு தெளிவும் தைரியமும் உண்டானதுபோல் தோன்றும். ஆனால் ரத்தத்திலுள்ள நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சில வாரம் பழகிய மூளை அந்தக் குறைவைப் பொறுக்காது. எரிச்சல், படபடப்பு, கவனமின்மை, அமைதியின்மை எல்லாம் தலைகாட்டும். மறு பொட்டலத்தை வைத்ததும் அவை அடங்கும். அடங்கியது எது? காலையில் வைத்த பொட்டலம் உண்டாக்கிய படபடப்பை மத்தியானம் வைத்த பொட்டலம் அடக்கியிருக்கிறது. பையனோ தன் பழைய மனக்கவலையே அடங்கியதாக நம்புகிறான். வட்டிக்கு வாங்கிய பணத்தில் வட்டி கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவனுடைய கணக்குத்தான் அவனுடைய கணக்கும். தூக்கமும் வராது, நிகோடின் உற்சாகமூட்டும் பொருளாகையால் இருந்த சொற்பத் தூக்கத்தையும் அது தின்றுவிடும். தூக்கம் கெட்டவனுக்கு மறுநாள் மனம் கெடும். இவ்விதம், மனச்சஞ்சலம் லாகிரிக்கு வழிகாட்ட, லாகிரி மனச்சஞ்சலத்தை வளர்க்க, எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்தறிய முடியாத ஒரு சக்கரம் சுழலத் தொடங்கிவிடுகிறது.

பெரியவர்களுக்கும் இதே சக்கரம் உண்டே, சிறுவர் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். மனித மூளை ஒரே நாளில் கட்டி முடிக்கப்படுகிற வீடு அன்று. ஆசை, பயம், கோபம், சந்தோஷம் இவற்றுக்குரிய உள்பாகங்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வேகமாய் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லி அவற்றை இழுத்துப் பிடிக்க வேண்டிய முன்மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முற்றுப் பெறுகிறது. விவேகம் வந்து சேருமுன் வேகம் வந்துவிடுகிற இந்தப் பன்னிரண்டு வருஷ இடைவெளியில்தான் நாம் பிள்ளைகளுக்குப் பொதுப் பரீட்சைகளை வைத்திருக்கிறோம், கையில் செல்போனையும் கொடுத்திருக்கிறோம். மனோவியாதிகளும் இதே இடைவெளியைத்தான் தேர்ந்துகொள்கின்றன. ஆயுளில் வருகிற மனநோய்களில் ஏறக்குறையப் பாதி பதினான்கு வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தார் பல காலமாய்ச் சொல்லிவருவது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு காணப்பட்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறைக்கு அது மூன்று பிள்ளைகள். மேலே சொன்ன இரண்டு மூன்று பேர் எல்லாரும் இவர்களே என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்த இரு கூட்டமும் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்பதை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கஞ்சா விஷயத்தில் இந்தக் காரணகாரியத் தொடர்பு இன்னும் பயங்கரமானது. ஆந்திர மலைப்பக்கத்திலிருந்து ரயிலேறி வரும் சரக்கைத் திண்டுக்கல் சந்திப்பில் போலீஸார் பிடித்த செய்தி நம் ஊர்ப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதன்று. ‘அது மூலிகைதானே, சாமியார்கள் குடிப்பதுதானே’ என்று வாலிபர்கள் தர்க்கம் செய்வதுண்டு. அவர்களுக்குப் பதிலாக இரண்டு தூர தேசத்து ஆராய்ச்சிகளைச் சொல்லலாம். ஸ்வீடன் தேசத்தில் 1969-70இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட ஏறக்குறைய 45,000 வாலிபர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில், பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்தவர்களுக்கு ஸ்கிஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாய் வந்ததாக 1987இல் வெளியிட்டார்கள். நியூஸிலாந்தின் டுனீடின் நகரத்தில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறந்தது முதல் பின்தொடர்ந்து வருகிற ஆராய்ச்சியில், பதினைந்து வயதிலேயே கஞ்சா பழகியவர்களில் பத்தில் ஒருவருக்கு இருபத்தாறாம் வயதில் அந்நோயின் சாயல் தென்பட்டது; பழகாதவர்களில் அது நூற்றுக்கு மூன்றுதான். பழகுகிற எல்லாருக்கும் சித்தம் கலங்குவதில்லை என்பதும் உண்மை. குடும்பத்தில் அந்நோய் ஓடுகிறவனுக்கு ஆபத்து அதிகம். ஆனால் தன் தாத்தாவின் தம்பி எதனால் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வரவே இல்லை என்பதைப் பதினைந்து வயதுப் பையனுக்கு எந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்?

கொடைக்கானல் மலைப் போதைக் காளானைப் பற்றிச் சினிமாவிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிற கதைகளைக் கேட்டு, மலைக்குச் சுற்றுலா போன மகனை எண்ணித் தூக்கம் கெடுகிற பெற்றோர்கள் உண்டு. சமவெளியில் இருக்கும் நாம் அதைவிட சைக்கிள் பஞ்சர்க் கடைச் சொல்யூஷனையும், எழுத்துப் பிழையை அழிக்கும் வைட்னரையும், சீட்டில்லாமல் கைமாறுகிற வலி மாத்திரைகளையும் கவனித்தால் பிரயோஜனம் உண்டு. 2019இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையார் வெளியிட்ட தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாய்க் காணப்பட்ட போதை, முகர்கிற போதை ஒன்றுதான். விலை சொற்பம், கடைக்காரன் சந்தேகப்பட மாட்டான், பையில் இருந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மதுவைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை திசை மாறிவிடும். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் ஓமந்தூரார் ராஜதானி முழுவதும் விரித்து, 1971இல் நீக்கப்பட்டு, மறுபடி வந்து, மறுபடி போய், 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிற நிலைக்கு வந்திருக்கிற அந்த நீண்ட சரித்திரத்தை வாசகர்கள் அறிவார்கள். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். குடிக்கிற தகப்பன் உள்ள வீட்டில், மகன் பாட்டிலைத் தொடுவதற்குப் பல வருஷம் முன்பே அவன் மனம் அந்தப் பாட்டிலால் தொடப்பட்டுவிடுகிறது. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகு வாசலில் கேட்கப்போகிற காலடிச் சத்தம் எப்படியிருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் குழந்தையின் நெஞ்சு, பகலில் பள்ளிக்கூடத்திலும் அதே கதியில் அடித்துக்கொண்டிருக்கிறது. குடியடிமைத்தனம் வருவதற்குரிய வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் அமைவது என்று சாஸ்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மறு பாதியை இந்த ராத்திரிகள் பார்த்துக்கொள்கின்றன.

பெண் குழந்தைகளை இதுவரையில் சொல்லவில்லை. அவர்களுடைய சஞ்சலம் பெரும்பாலும் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும், பள்ளி அசெம்பிளியில் மயங்கி விழுவதாகவும் வெளிப்படும். ‘ரத்தம் கம்மி’ என்று டானிக் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுகிறோம். பையனுடையது கோபமாகவும் லாகிரியாகவும் வெளிவருவதால் குற்றமாகிவிடுகிறது, பெண்ணினுடையது உடம்புக்குள் போவதால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

பொட்டலத்தோடு பிடிபட்ட பையனை என்ன செய்கிறோம்? மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைப்போன்ற விபரீதமான சிகிச்சை வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அவனுக்கும் தெருவுக்கும் நடுவே நின்றிருந்த ஒரே சுவர் பள்ளிக்கூடம். அதையும் இடித்துவிட்டு, அவன் தெருவில் நிற்கிறான் என்று குறை சொல்கிறோம். போதைப் பொருள் தடுப்புக்கென்று 1985இல் வந்த கடுமையான சட்டமேகூட, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64ஏ பிரிவில் இடம் வைத்திருக்கிறது. சட்டத்துக்கு இருக்கிற தயை நமக்கு இல்லாமல் போக வேண்டாம்.

சிகிச்சைக்கு எங்கே போவது என்று தவிக்கிறவர்களுக்கு, நம் ஊரிலேயே வழி இருக்கிறது. திண்டுக்கல் அரசுத் தலைமை மருத்துவமனை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து பெரிதாகியிருக்கிறது. மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. வாசல் தாண்டக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாய் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற இந்த ‘டெலிமானஸ்’ சேவையில் பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. போதை மீட்புக்கென்றே 14446 என்ற எண் தனியே உண்டு. சென்னையில் 1980இல் தன் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல், தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை தந்தார். நம் சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோதும், வைத்தியம் கிராமத்தைத் தேடிப் போக வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் கிராமத்தைத் தேடிப் போன அந்த வைத்தியம், மனக்கவலைக்கும் அப்படிப் போக இன்னும் கொஞ்சம் வெட்கப்படுகிறது.

வைத்தியசாலை வருமுன் நடக்க வேண்டியவை உண்டு என்பதற்கு, சுமார் நாலு லட்சம் ஜனங்களே வாழ்கிற ஐஸ்லாந்து தேசம் ஒரு திருஷ்டாந்தம். அங்கே 1998இல், பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்திய ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாய்க் குறைந்தது. தினம் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானார்கள். போதை தீது என்று சுவரெழுதி இதைச் சாதிக்கவில்லை. விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் சர்க்கார் பணம் கொடுத்தது, பின்னிரவில் பிள்ளைகள் தெருவில் திரியாதபடி நேரம் வகுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர்கள் பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தை அதிகப்படுத்தச் சொல்லி ஊர் ஊராய்ப் பேசியது. இந்தக் கடைசி யோசனையை நம்மூரில் சொல்லும்போது சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற தாயும், விடியுமுன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற தகப்பனும், எந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்?

எனக்குத் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர், சமவெளிக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய ஜியாமெட்ரி பெட்டியில் அந்தப் பொட்டலத்தைக் கண்டார். எடுத்துத் தம் மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, தினம் சாயங்காலம் வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வரும்படி மட்டும் அவனிடம் சொன்னாராம். நாலு நாள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “சார், எங்கம்மா ராத்திரி ஷிப்டு போனப்புறம் எனக்குத் தூக்கமே வர்றதில்ல சார்” என்றானாம். அடுத்த வாரம், தாய்க்கு ஷிப்டு மாறிய ஒரு பகலில், மூவருமாகப் பஸ்ஸேறித் திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பையன் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தானாம். மருத்துவர் அதைக் கடைசியில்தான் கேட்டார். முதலில் கேட்டது, “ராத்திரி வீட்ல வேற யார் இருக்காங்கப்பா?” என்று.